தொட்டா நம்ம பீஸ்

தெரிந்தும் சொல்லாத மனுஷரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன். பருத்திப்பட்டில், ஏரிக்குப் பக்கத்துத் தெருவில் இருந்தார். நாம் திண்டாடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பார். பதில் அவருக்குத் தெரியும் என்பது நமக்கும் தெரியும். வாயைத் திறக்க மாட்டார். கை பரபரத்து எதையாவது தொட்டுவிடக் கூடாது என்று இரண்டு உள்ளங்கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டிருப்பார். எழுத வேண்டியிருந்தால் வலது கை மட்டும் வெளியே வரும். நோட்டில் ஒரு வரி எழுதிவிட்டுத் திரும்ப உள்ளே போய்விடும்.

பெயர் வேண்டாம். அவரே தன் பெயரை எங்கேயும் போட்டுக்கொண்டதில்லை. அவர் அனுப்பும் அறிக்கைகளின் அடியில் ‘சோதித்தவர்’ என்று மட்டும் இருக்கும். நான் கடைசிவரை சார் என்றே கூப்பிட்டேன்.

ஆவடிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் உதிரிபாகங்களைப் பரிசோதித்து ‘சரி’, ‘தள்ளுபடி’ என்று சீட்டுக் கட்டுகிற வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகும் அதே வேலையைத்தான் செய்தார், சம்பளம் இல்லாமல். பழைய கம்ப்யூட்டர்களில் ஓடுவதற்கென்றே எங்கெங்கோ இருக்கும் சில பேர் சேர்ந்து, விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகப் போட்டுக்கொள்ள, எடை குறைந்த ஒரு லினக்ஸைச் செய்துகொண்டிருந்தார்கள். அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவதற்கு ஒரு நிரல் இருக்கும்: மொழி என்ன, ஊர் எது, எந்த வட்டில் ஏற்றுவது என்று பக்கம் பக்கமாகக் கேட்கும். புதுப் பதிப்பு வரும்போதெல்லாம் அந்த ஏற்றும் நிரல் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்ப்பது சாருடைய பொறுப்பு. முன்னறையில் கட்டிலை எடுத்துவிட்டுப் பெஞ்சு போட்டு ஏழு பழைய கம்ப்யூட்டர்களை வரிசையாக வைத்திருந்தார். பள்ளிக்கூடத்திலும் ஆபீசிலும் காயலான் கடைக்குக் கழித்துப் போட்டவை. ஒவ்வொன்றின் கழுத்திலும் நூலில் கட்டிய அட்டைச் சீட்டு தொங்கும்.

“மெஷின் ஓடுதான்னு பாக்குறது பாதி வேலதான்மா,” என்பார். “மனுஷன் ஓடுறானான்னு பாக்கணும். அது எனக்குத் தெரியாது. நான் தப்பே பண்ண மாட்டேனே, நூறு தடவ போட்டுட்டேன். தப்பு பண்ண ஆள் வேணும்.”

அப்படி ஆள் பிடித்து உட்கார வைப்பார். தண்ணீர் கேன் போடுகிறவர், கரண்ட் ரீடிங் எடுக்க வந்தவர், மாடி வீட்டு நர்ஸம்மா என்று யாரையும் விட்டதில்லை. அப்படி மாட்டியவர்களில் நான் ஒருத்தி. எங்கள் பங்குக் கோயில் அலுவலகத்தில் எழுத்தர் வேலை எனக்கு. அங்கே இருந்த கம்ப்யூட்டரைச் சுவிட்ச் போட்டுவிட்டு ஒரு ஜெபமாலை சொல்லி முடித்தால்தான் திரை வரும். புதிது வாங்கித் தர ஃபாதரிடம் வழியில்லை. யாரோ சொல்லி சாரிடம் போனேன்.

“நான் போட்டுத் தர மாட்டேன்,” என்றார் எடுத்த எடுப்பில். “நீங்களே போடணும். முதல்ல இங்க இருக்குறதுல போடுங்க. நான் பாக்குறேன்.”

சனிக்கிழமைகளில் போக ஆரம்பித்தேன். எனக்குக் கோபம் மூக்கின் மேல் இருக்கும். முதல் நாளே வந்துவிட்டது. ஊர் எது என்று கேட்டு உலகப் படம் ஒன்றைக் காட்டியது. நான் சென்னையைத் தேடி அமுக்கினேன். கல்கத்தா என்று வந்தது. தப்பாக அமுக்கிவிட்டேன் போலிருக்கிறது என்று இன்னும் கொஞ்சம் கீழே அமுக்கினேன். கல்கத்தா. ஆவடி இருக்கும் இடத்தைக் கண்ணை இடுக்கிப் பார்த்து அமுக்கினேன். கல்கத்தா!

“இன்னா சார் இது? நான் எதுக்குக் கல்கத்தா போகணும்?”

“உங்களுக்கு இன்னா தோணுது?”

“எனக்கு இதைத் தூக்கி ஏரியில போடணும்னு தோணுது.”

வலது கை வெளியே வந்தது. எழுதிற்று. உள்ளே போயிற்று. நான் ஒன்பது தடவை முன்னும் பின்னும் போய் வந்தேன். அது ஊரைக் கேட்டது கடிகார நேரத்துக்காக. இந்தியா முழுவதற்கும் நேரம் ஒன்றுதான், அதற்கு வைத்த பெயர் கல்கத்தா, அவ்வளவுதான் விஷயம். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்லையா? எல்லாம் முடிந்து மோர் குடிக்கும்போதுதான் சொன்னார். இரண்டு மாதம் கழித்து வந்த பதிப்பில் அந்த இடத்தில் ‘இந்தியா முழுவதும்’ என்று ஒரு வரி சேர்ந்திருந்தது. அதைக் காட்டி, “இது உங்க வரிம்மா,” என்றார். “உங்கள மாதிரி தப்பு பண்றவங்க சுலபத்துல கெடைக்க மாட்டாங்க.” திட்டா பாராட்டா என்று தெரியாமல் வீட்டுக்கு வந்து, பாராட்டுதான் என்று முடிவு செய்துகொண்டேன்.

ஏன் சார் இப்படி, சொன்னால் என்ன குறைந்து போகும் என்று ஒருநாள் கேட்டேவிட்டேன். தொழிற்சாலைப் பழக்கம் என்றார். பரிசோதிக்கிறவன் பொருளை, அங்கே அதற்குப் பெயர் பீஸ், கையால் சரிசெய்யக் கூடாதாம். லேசாக ஒரு பிசிறைத் தட்டிவிட்டால்கூட, அப்புறம் எது செய்தவன் தப்பு, எது பார்த்தவன் தப்பு என்று பிரிக்க முடியாதாம்.

“தொட்டா நம்ம பீஸ்மா. அப்புறம் அதுக்கு நாமதான் ஜவாப்பு.”

பேச்சு நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் இந்த நியாயத்தை அவர் வீட்டுக்குள்ளும் கொண்டுபோனார். “சாவியக் காணோம்னு நான் ஊடு பூரா தேடிக்கினு இருக்கேன், இந்த மனுஷன் உக்காந்து பாக்குறாரு,” என்பார் அவர் மனைவி. “ஃபிரிட்ஜ் மேலதான் கீது, அவருக்கும் தெரியும். கேட்டா, நீ எங்கெங்க தேடுறன்னு பாத்தாதான் சாவிய எங்க மாட்டணும்னு தெரியுமாம். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நான் டெஸ்டுதான் எழுதிக்கினு இருக்கேன்.” சொல்லிவிட்டுச் சிரிப்பார். ஆனால் சாவி மாட்டும் ஆணி கடைசியில் வாசல் நிலைக்கு வந்திருந்ததும் உண்மை.

இன்னொரு நாள் ஆவடியில் ஏடிஎம் வரிசையில் அவருக்குப் பின்னால் நின்றேன். முன்னால் ஒரு பெரியவர் கார்டைத் தலைகீழாகச் செருகிக்கொண்டிருந்தார். வெளியே தள்ளிற்று. மறுபடி அதே மாதிரி. சார் கைகளைக் கட்டி அக்குளில் செருகிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். நிற்கும்போது அவர் கைக்கு அதுதான் இடம். வரிசையில் சத்தம் கிளம்பிற்று. “யோவ் பெருசு, பக்கத்துல நின்னுகினு வேடிக்க பாக்குறியே, சொல்லித் தொலையேன்!” சார் திரும்பி, “அவரே திருப்புவாரு,” என்றார். ஐந்தாவது முறை திருப்பினார். அன்று சாயங்காலமே, கார்டை எப்படிச் செருக வேண்டும் என்ற படம் கண்ணில் படாத இடத்தில் ஒட்டியிருக்கிறது என்று வங்கிக்குக் கடிதம் எழுதினார்.

இதையெல்லாம் நான் சிரித்துக்கொண்டே சொல்கிறேன். அப்போது சிரிப்பாகத்தான் இருந்தது.

எங்கள் அலுவலகக் கம்ப்யூட்டரில் கல்லறைப் பதிவேடு இருந்தது. யாரை எந்த வரிசையில், எத்தனையாவது குழியில் அடக்கம் செய்தது என்ற கணக்கு. முன்பு நோட்டில் இருந்ததுதான். ஒரு மழையில் அலுவலகத்துக்குள் தண்ணீர் புகுந்து நோட்டுகள் கூழாகிவிட்டன. நான் ஒவ்வொரு தாளாக ஃபேனுக்கு அடியில் உலர்த்தி, மை கலங்கிய எழுத்துகளைக் கண்ணாடி வைத்துப் படித்து, ஒரு வருஷம் உட்கார்ந்து தட்டச்சு செய்தேன். முடிந்ததும் மக்கிய தாள்களை எரித்துவிட்டோம். கல் சிலுவை வைத்தவர்களுக்குப் பதிவேடு இல்லாவிட்டாலும் பாதகமில்லை. குழந்தைகள் பகுதியில் பாதிக்கு மேல் சிலுவையே கிடையாது. மழைக்கு மேடும் கரைந்துபோகும். அவர்களுக்குப் பதிவேடுதான் எல்லாம்.

ஒரு சனிக்கிழமை அந்தக் கம்ப்யூட்டரை ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு சார் வீட்டுக்குப் போனேன். அன்றைக்குத்தான் புதுப் பதிப்பு வந்திருந்தது. சார் வழக்கமாகச் சொல்லும் ஒன்றைச் சொன்னார்: “முக்கியமானத முதல்ல பென் டிரைவ்ல காப்பி எடுத்துக்கங்க. அதுக்கப்புறம் நான் பேச மாட்டேன்.” நாற்காலியில் உட்கார்ந்தார். கைகள் தொடைக்கு அடியில் போயின.

திரையில் ‘கல்லறை’ என்று பெயர் வைத்த ஒரு படம் இருக்கும். தினமும் அதை அமுக்கித்தான் பதிவேட்டைத் திறப்பேன். அதை இழுத்துப் பென் டிரைவில் போட்டேன். கண் மூடித் திறப்பதற்குள் ஏறிவிட்டது. பரவாயில்லையே, கிழட்டுக் கம்ப்யூட்டருக்கு இவ்வளவு வேகமா என்று நினைத்தேன். அந்தப் படத்தின் மூலையில் சின்னதாக ஒரு அம்புக்குறி இருந்ததை நான் என்றைக்கும் கவனித்ததில்லை. அம்புக்குறி இருந்தால் அது பதிவேடு இல்லை, பதிவேடு எங்கே இருக்கிறது என்று காட்டும் வழிதானாம். விலாசத்தை எழுதிக்கொண்டு வந்துவிட்டு வீட்டையே கொண்டுவந்துவிட்டதாக நினைத்திருக்கிறேன்.

சாருடைய வலது கை வெளியே வந்து எழுதிற்று. நான் பெருமையாக அவரைப் பார்த்து, “ஆச்சு சார்,” என்றேன். தலையைக்கூட ஆட்டவில்லை.

ஏற்றும் நிரலை ஓடவிட்டு, மொழி, ஊர், விசைப்பலகை எல்லாம் மளமளவென்று தாண்டினேன். அடுத்து வட்டு, கம்ப்யூட்டரில் இருப்பதெல்லாம் சேமித்திருக்கும் இடம். ‘முழுவதையும் அழித்துவிட்டு நிறுவு’ என்பதில் ஏற்கெனவே புள்ளி இருந்தது. ‘அடுத்து’ என்பதை அமுக்கினேன். ‘தயாராகிறது’ என்று ஒரு பட்டை ஓட ஆரம்பித்தது. நான் பையிலிருந்து முறுக்கை எடுத்து சாரின் மனைவிக்குக் கொடுத்தேன். ஏதோ பேசிச் சிரித்தோம். இரண்டு மூன்று நிமிஷம் இருக்கும்.

“கேள்வி எங்க?” என்றார் சார். வேலை முடியும் முன் அவர் பேசி நான் கேட்டதில்லை. “கேள்வி வரலியே… நிறுத்தும்மா! நிறுத்து!”

நாற்காலி பின்னால் விழுந்தது. பிளக்கைப் பிடுங்கினார். முறுக்கைக் கையில் வைத்துக்கொண்டு நானும் அந்த அம்மாவும் விழித்தோம்.

என்ன நடந்தது என்பதை நோட்டைத் திருப்பி என்னிடமே காட்டினார். மறைக்கத் தெரியாத மனுஷர். அன்றைய தேதிக்குக் கீழே அவருடைய சின்ன எழுத்தில் இருந்தது: ‘11.40. அம்புக்குறிப் படத்தை இழுத்தார். பதிவேடு வரவில்லை. வந்துவிட்டதாக நினைக்கிறார்.’

மூன்று தடவை படித்தேன்.

“தெரிஞ்சே உக்காந்திருந்தீங்களா சார்?”

“கடைசிப் பக்கத்துல சொல்லலாம்னு இருந்தேன்மா.”

“எந்தக் கடைசிப் பக்கம்?”

பழைய பதிப்புகளில் எல்லாம், வட்டை அழிப்பதற்கு முன்னால் ஒரு பக்கம் வருமாம்: இதுவரை சொன்னதெல்லாம் சரிதானா, இதற்குமேல் திரும்ப முடியாது என்று. அங்கே வந்ததும் என் கையைத் தடுப்பதாக இருந்திருக்கிறார். சீக்கிரம் முடியட்டும் என்று புதுப் பதிப்பில் அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டார்கள். பட்டை ஓடியபோதும், கேள்விதான் தயாராகிறது என்று நினைத்துக் கையைத் தொடைக்கு அடியிலேயே வைத்திருந்தார். நூறு தடவை போட்டவர், தப்பே பண்ணாதவர்!

நான் கத்தினேன். என்னென்ன சொன்னேன் என்று இங்கே எழுத மாட்டேன். “ஒரு வார்த்தை சார், ஒரே ஒரு வார்த்தை” என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னது ஞாபகம் இருக்கிறது. அவர் விழுந்த நாற்காலியை நிமிர்த்தக்கூட இல்லாமல் நின்றார். ஃபாதரிடம் போய்ச் சொன்னபோது அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம்.

சார் அன்றே அறிக்கை அனுப்பினார். அந்த லினக்ஸைச் செய்கிறவர்கள் இரண்டே நாளில் மன்னிப்புக் கேட்டு, அந்தக் கடைசிக் கேள்வியைத் திரும்ப வைத்துவிட்டார்கள். எங்கேயோ யாரோ இனிமேல் தப்பிப்பார்கள். அதைக் கேட்டு எனக்கு இன்னும் ஆத்திரம்தான் வந்தது.

அழிந்த வட்டிலிருந்து கிடைத்ததைச் சுரண்டி எடுக்க வாரக்கணக்காக முயன்றார். பெயர்கள் வந்தன, எண்கள் வரவில்லை. அந்தப் பதிவேட்டில் பெயர்கள் ஒரு மூலையிலும் எண்கள் வேறு மூலையிலும் சேமிக்கப்பட்டிருக்குமாம். எண்கள் இருந்த மூலையின் மேல் புதியது ஏறிவிட்டது. பெயர்களும் பழைய தமிழ் எழுத்துரு என்பதால் ஆங்கில எழுத்துகளாகக் குழம்பித்தான் வந்தன. தட்டச்சு செய்த எனக்குத்தான் அதைப் படிக்க வரும். “இது யாரும்மா?” என்று கேட்பார். நான் முகத்தைக் கொடுக்காமல் படிப்பேன். இன்னாருடைய மகன், இன்னாருடைய மகள். எல்லோரும் இருந்தார்கள், எங்கே இருக்கிறார்கள் என்பது மட்டும் இல்லை.

அதன்பிறகு சனிக்கிழமைகளில் அவர் எங்கள் கல்லறைத் தோட்டத்துக்கு வர ஆரம்பித்தார். நான் கூப்பிடவில்லை. “நம்ம ஆளுங்களே இல்லாத எடத்துல இவருக்கு இன்னா வேல?” என்று அவர் மனைவி என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். நெற்றியில் விபூதியோடு வந்து, குந்தி உட்கார்ந்து, ஒவ்வொரு சிலுவையிலும் பாசியைச் சுரண்டி, பெயரைப் படித்து, அடியால் அளந்து நோட்டில் குறிப்பார். பெரியவர்கள் பகுதி ஏறக்குறைய முழுதாகத் திரும்ப வந்துவிட்டது. குழந்தைகள் பகுதிக்குப் போனதும் நோட்டை மடித்துவிட்டார். குழி வெட்டுகிறவரைக் கேட்டோம்.

“பெரிய குழிங்கன்னா ஞாபகம் கீது அண்ணாத்தே,” என்றார் அவர். “கொழந்தைங்க குழி இன்னாத்த ஞாபகம் வச்சிக்கிறது? அதுவும் பாதி எனுக்கு முன்னாடி இருந்த ஆளு வெட்னது. அவரும் அதோ, அந்த மூணாவது வரிசையிலதான் கீறாரு.”

நவம்பர் வந்தது. கல்லறைத் திருநாளுக்கு வேப்பம்பட்டிலிருந்து ஒரு அம்மா ரயிலேறி வருவார். எழுபது வயது இருக்கும். பதினோரு மாதத்தில் போன பெண் குழந்தை. அடையாளத்துக்கு இருந்த வேப்பமரம் ஒரு புயலில் விழுந்ததிலிருந்து அவருக்கு இடம் பிடிபடாது. ஒவ்வொரு வருஷமும் நேராக அலுவலகத்துக்கு வந்து, “நம்பர் பாரு கண்ணு,” என்பார். நான் கம்ப்யூட்டரில் பார்த்துச் சொல்வேன். எத்தனை வருஷம் சொல்லியிருக்கிறேன்! ஒருமுறைகூட அந்த எண்ணை மனத்தில் வைத்ததில்லை. கம்ப்யூட்டர்தான் இருக்கிறதே.

“நம்பர் பாரு கண்ணு.”

“கம்ப்யூட்டர் ரிப்பேர்மா,” என்றேன். வெட்கம் கெட்ட பொய். “பரவால்ல கண்ணு, நானே தேடிப் பாக்குறேன்,” என்று மெழுகுவத்தியும் சாமந்தியுமாகக் கிளம்பிவிட்டார். நான் பின்னாலேயே ஓடினேன்.

சார் அங்கே நின்றிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். அந்த அம்மா குழந்தைகள் பகுதியில் வரிசைக்குள் போய் நின்றார். குனிந்து பார்த்தார். திரும்பி அடுத்த வரிசைக்கு வந்தார். தப்பு என்று நினைத்தாரோ என்னவோ, மறுபடி பழைய இடத்துக்குப் போனார். சுற்றிலும் மற்றவர்கள் முழங்காலில் இருந்தார்கள். சார் கைகளை அக்குளில் செருகிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார், அதே ஏடிஎம் வரிசை மாதிரி. ஆனால் அன்றைக்கு அவருக்கும் பதில் தெரியாது. தெரிந்திருந்தால் ஓடிப்போய்ச் சொல்லியிருப்பார் என்று அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அந்த அம்மா ஒன்பதாவது தடவையோ பத்தாவது தடவையோ திரும்பி நடந்தபோது கால் இடறித் தடுமாறினார்.

சார் கைகளை வெளியே எடுத்தார். விடுவிடுவென்று நடந்து போனார். ஒரு இடத்தைக் காட்டி, “இதாம்மா,” என்றார்.

“இதுங்களா?”

“இதேதான். நாலாவது வரிசை, பதினொண்ணு.”

அந்த அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டார். புல்லைப் பிடுங்கினார், பூவைத் தூவினார், காற்றுக்குக் கையை மறைத்து மெழுகுவத்தி ஏற்றினார். குழந்தையோடு ஏதோ பேசினார். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை.

“எப்படி சார் தெரியும்?” என்றேன், அவர் வந்ததும்.

“தெரியாது.”

“அங்க யாரோட கொழந்தை இருக்குதோ சார்! நாளைக்கி அவங்க வந்து கேட்டா?”

“பதிவேட்டுல எழுதிக்கோம்மா. நாலு, பதினொண்ணு. பக்கத்துல ‘சொன்னவர்’னு என் பேர போடு. யாரு வந்து கேட்டாலும் என்கிட்ட அனுப்பு.” கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் வேட்டியில் துடைத்துக்கொண்டார். “தொட்டுட்டேன். இனிமே அது என் பீஸ்.”

அந்த ஒரு இடத்தில்தான் அவர் பெயர் எழுத்தில் இருக்கிறது. யாரும் வந்து கேட்கவில்லை. இனி கேட்டாலும் அனுப்ப வழியில்லை. அடுத்த ஆடியில் ஒரு மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. ஏழு கம்ப்யூட்டர்களும் சீட்டோடு காயலான் கடைக்கே போயின. நோட்டுகளை அவர் மனைவி என்னிடம் கொடுத்துவிட்டார். ஏடிஎம்முக்கும் சாவிக்கும் என் கல்கத்தாவுக்கும் பக்கம் பக்கமாக எழுதியிருந்தார். அந்தக் கல்லறைத் திருநாளுக்கு மட்டும் தேதி போட்டுவிட்டுக் கீழே ஒன்றும் எழுதவில்லை.

போன நவம்பரிலும் வேப்பம்பட்டு அம்மா வந்தார். கண் இன்னும் மங்கியிருந்தது. படியேறும்போதே, “நம்பர் பாரு கண்ணு,” என்றார்.

“நாலாவது வரிசை, பதினொண்ணும்மா,” என்றேன். கம்ப்யூட்டரைத் திறக்கவில்லை. அந்த எண் எனக்கு மனப்பாடமாகிவிட்டது.